நாலடிக்கு மூணடி

சாமைப் பயிரில் செய்த இரண்டு வருட ஆராய்ச்சியை ஒரே போஸ்டரில் அடக்கத் தெரியாமல், ஜவ்வாது மலைக் கல்லூரியின் கணினி அறையில் கவியா விழித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கல்லூரியில் ஆராய்ச்சிப் போஸ்டர் போட்டி. முதல் பரிசு பெறுபவருக்கு மட்டும்தான் டெல்லி மாநாட்டுக்குப் போக வாய்ப்பு.

"இன்னாங்க, இவ்ளோ எழுத்து? யாரு நின்னு படிப்பா?" என்று பக்கத்துக் கணினியில் ஏதோ வேலையாக இருந்த வேறு துறை மாணவன் ஜீவானந்தம் எட்டிப் பார்த்தான்.

"எதை எடுக்கறதுன்னே தெரியலைங்க."

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

தன் வேலையை மூடிவிட்டு வந்தான். பவர்பாயிண்டில் ஸ்லைடின் அளவை நாலடிக்கு மூணடியாக மாற்றினான். பாதி எழுத்தை நீக்க வைத்தான். விளைச்சல் வரைபடத்தை நடுவில் பெரிதாக்கினான். சாயங்காலம்வரை அவளோடு சேர்ந்து மல்லுக்கட்டினான்.

மறுநாள் முதல் பரிசு கவியாவுக்கு! நன்றி சொல்ல அவள் அவனைத் தேடும்போதே மைக்கில் அடுத்த அறிவிப்பு வந்தது: "இரண்டாம் பரிசு, ஜீவானந்தம்."

கவியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் அவனைப் பிடித்தாள். "நீங்களும் போட்டியில இருந்தீங்களா? அப்புறம் ஏங்க எனக்குச் செஞ்சு குடுத்தீங்க?"

அவன் சிரித்தான். "உங்க ஆராய்ச்சியத் தோக்கடிச்சிட்டு டெல்லி போனா பெருமைங்க. உங்க போஸ்டரத் தோக்கடிச்சிட்டுப் போனா, அது இன்னாங்க ஜெயிப்பு?"