கற்றாழை சோப்பும் அதன் அக்காவும்

ஜன்னலில் இருந்த கற்றாழைச் செடியை, கற்றாழை சோப்பு வாய் நிறைய "அக்கா" என்றுதான் கூப்பிடும். தன் உறையில் இருந்தது அக்காவின் படமாயிற்றே!

ஒருநாள் அந்த சோப்புப் போட்டுக் குளித்த குழந்தைக்குக் கன்னமெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. வீறிட்டு அழுதாள். பதறிப்போன அம்மா, சோப்பைத் துணி துவைக்க ஆகட்டும் என்று ஜன்னலில் வைத்தாள். கற்றாழை மடலை ஒடித்துக் கழுவி, உள்ளே இருந்த வழவழப்பான சோற்றை எடுத்துத் தடவினாள். அழுகை மெல்ல அடங்கியது.

"அக்கா, எனக்குள்ள சோறே இல்லையா?" என்று சோப்பு விசும்பியது.

"இல்லடா கண்ணு. உனக்கு என் படத்தை மட்டும்தான் குடுத்திருக்காங்க."

ஒடிந்த இடத்தில் நீர் கசிவதை சோப்பு அப்போதுதான் பார்த்தது.

"வலிக்குதாக்கா?"

"வலிக்காம இருக்குமா? அதை விடு. பாப்பா தூங்கிட்டாளான்னு எட்டிப் பாரு."