ஆனந்தனுக்கும் அனுப்பிரியாவுக்கும் நடுவே

"அண்ணே, மிசினை ஓட்டிறாதீக. இன்னொரு தரம் பாத்துக்கிறேன்."

முத்துச்செல்வி கம்ப்யூட்டரில் பெயர்ப் பட்டியலை மறுபடியும் மேலிருந்து உருட்டினாள். இது நாலாவது தரம்.

"நாலு தரம் பாத்தா இல்லாத பேரு முளைச்சிருமா தாயி?" என்றார் இசக்கிப்பாண்டி. அட்டையில் தங்க எழுத்து அடிக்கும் மிஷின் அவர் பொறுப்பு. "யாரு பேரைத் தேடுற?"

"தம்பி பேரை."

அவர் சிரிப்பு அடங்கிவிட்டது.

சிவகாசியில் அந்த அச்சகத்துக்கு, ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் டைரி ஆர்டர் இரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்தது. வேலை பார்க்கிற ஒவ்வொருவர் பெயரும் டைரி மேல் தங்கத்தில் மின்ன வேண்டும். முதல் வருஷம் ஒன்பதாயிரம் பெயர். போன வருஷம் ஆறாயிரம். அங்கே ஆளைக் குறைக்கக் குறைக்க, இங்கே ஆர்டரும் இளைத்தது. இந்தத் தடவை சென்னை ஏஜெண்ட் அனுப்பிய பட்டியலில் இரண்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டே பெயர்.

இங்கிலீஷ் எழுத்து வரிசையில் இரண்டு வருஷமும் ஆனந்தனுக்கு அடுத்து தம்பி அன்பரசன் இருந்தான். முத்துச்செல்வியும் அம்மாவும் ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆபீஸில் திரி வெட்டிப் படிக்கவைத்த பிள்ளை. இப்போது ஆனந்தனுக்கு அடுத்து அனுப்பிரியா. நடுவில் ஆளைக் காணோம்.

"டைரிக்கு இம்புட்டுச் சீக்கிரமா ஆர்டர் வருமா? தீபாவளியே இன்னும் கழியலை. அட்டையும் நோஞ்சானா இருக்கு" என்றார் இசக்கிப்பாண்டி, பேச்சை மாற்ற நினைத்து.

"ஆளு கொறஞ்சா டைரியும் மெலியத்தானே செய்யும்."

உள்தாள் ஓடுவது வேறு அச்சகத்தில். ஒட்டுவது இன்னோர் இடத்தில். இவர்கள் கைக்கு வருவது வெறும் அட்டையும் பெயரும்தான்.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஏலே தம்பி, சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லைக்கா. மூணாவது தடவையா ஆளைக் குறைக்கப் போறாங்க. வெள்ளிக்கிழமை தெரிஞ்சிரும். மெயில் வந்த சத்தம் கேட்டாலே போனைக் கவுத்து வச்சிருறேன்."

"எங்க பட்டாசுப் பொழப்புக்கு மேகம் கருத்தாத் தெரிஞ்சிரும், நாளைக்கு வேலை இல்லைன்னு. உங்க பொழப்புக்கு எங்கனலே பாக்குறது?"

"எங்கனயும் பாக்க முடியாதுக்கா. மேனேஜருக்கே தெரியாதாம்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "ஆனைக்குட்டத்துக்காரங்க ஏதும் கேட்டாங்களா?"

ஆனைக்குட்டம் பெண் வீடு. தை மாசம் கல்யாணம். 'மாப்பிள்ளைக்கு வேலை நிலைச்சாத்தான் பந்தக்கால்' என்று பெண்ணின் அப்பா நேற்றுத்தான் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அவுக எதுக்குக் கேக்குறாக? நீ ஒரு வாய் சாப்பிடு" என்று போனை வைத்தாள்.

எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை.

தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். இருப்புக் கொள்ளாமல் மறுபடியும் எழுந்தாள்.

"அண்ணே, போன வருசம் நூறு நாள் வேலையில எங்க சின்னம்மா பேரு விட்டுப்போச்சு. ஒரு மாசம் நடந்தாக, ஒருத்தரும் ஏறிட்டுப் பாக்கலை. பேரை எழுதின மறுநாளே மம்பட்டியைக் கையில குடுத்துட்டாக."

"அதுக்கு?"

"எவனும் ஆளையா பாக்குறான்? பட்டியலைத்தானே பாக்குறான்."

இசக்கிப்பாண்டிக்கு விளங்கிவிட்டது. "முதலாளிக்குத் தெரிஞ்சா உன் வேலை போயிரும் தாயி."

"போகட்டும். எனக்குப் பட்டாசு ஆபீஸ் இருக்கு. அவனுக்கு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் ஒரு டீயைக் குடிச்சிட்டு வாறேன். வரும்போது பட்டியல் எப்படி இருக்கோ, அப்படி அடிப்பேன். எனக்கென்ன இங்கிலீஷா தெரியும்?"

ஆனந்தனுக்கும் அனுப்பிரியாவுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டு, ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள் முத்துச்செல்வி.

வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளி சங்கரபாண்டியன் ஒட்டுகிற இடத்திலிருந்து வந்தார்.

"ஏம்மா, அந்த ஆர்டர்ல ஒண்ணு கூடுதலா இருந்துச்சே?"

அவள் மேஜை மேலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினாள். இசக்கிப்பாண்டி எண்ணெய் போடுகிற சாக்கில் மிஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"பட்டியலோட ஒத்துப் பாத்தா, யாரோ அன்பரசனாம். ஏஜெண்டைக் கேட்டேன். அவரு கம்பெனியைக் கேட்டாரு."

"என்ன சொன்னாக அண்ணாச்சி?"

"அங்க எவன் சரிபாக்குறான்? 'அச்சாகி வந்திருந்தா எங்க பக்கந்தான் விட்டுப்போயிருக்கும், அந்தப் பேரையும் பட்டியல்ல சேத்துட்டோம், அனுப்பிருங்க'ன்னுட்டாக. லோடு வண்டி மத்தியானமே விருதுநகரைத் தாண்டிருச்சு."

இருக்கன்குடி மாரியம்மா! முத்துச்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. தம்பி பட்டியலில் ஏறிவிட்டான். இனி தை மாசப் பந்தக்காலை எவர் தடுப்பது?

"மாதிரிக்கு ஒண்ணு எடுத்தாந்தேன். ஒட்டு நேரா இருக்கான்னு பாரு" என்று, பெயர் அடிக்காத ஒன்றை அவள் மேஜையில் வைத்தார் முதலாளி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள். தேதி இல்லை, கிழமை இல்லை. அட்டைக்குள் ஒரே ஒரு தாள். அதில் இங்கிலீஷில் இரண்டே வரி:

'இத்தனை நாள் எங்களோடு உழைத்ததற்கு நன்றி. இன்றோடு உங்களை வேலையிலிருந்து விடுவிக்கிறோம்.'