பஞ்சாரத்தைச் சுற்றி

பனி இறங்குகிற சாயங்காலம், எந்த வீட்டுக் கோழிகள் என்று யாருக்கும் தெரியாத இரண்டு பெட்டைகள் வேலியோரம் வந்து நின்றன. தீனி போட்டுக்கொண்டிருந்த வடிவாச்சியின் கை அப்படியே நின்றுவிட்டது. போன கோடையில் வந்த கழிச்சல் நோய் அவள் கோழிக்கூட்டையே துடைத்துப் போட்டிருந்தது. இப்போதிருப்பவை எல்லாம் அதில் தப்பிய ஒரே பெட்டையின் குஞ்சுகள்.

“விரட்டி விடு புள்ள. நோய் கீய் இருந்தா நம்மளதும் சேந்து போயிரும்,” என்றான் புருசன் மாயழகு.

“விரட்டினா கீரி தின்னுரும். நீங்க தூங்கிருவீங்க, எனக்குல்ல சத்தம் கேக்கும்.”

புதுக்கோழிகளை ஒட்டவிடாமல் வைக்கிற வழக்கப்படி, இரண்டையும் முற்றத்தில் தள்ளி மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடினாள். பிறகு தன் கோழிகளை அடைக்கப் போனால், கூட்டில் ஒன்றுகூட இல்லை, பாருங்கள். எல்லாம் பஞ்சாரத்தைச் சுற்றி, மூங்கிலில் நெஞ்சைச் சாய்த்துப் படுத்திருந்தன. உள்ளே இருப்பவை விட்ட மூச்சை வெளியே இருப்பவை வாங்கிக்கொண்டிருந்தன.

“நீ அதுகளை அடைச்ச. நம்மளதுக விருந்தாடி கணக்கா போய் உக்காந்திருக்கு. இனி யாரை எங்க பிரிச்சு வைக்கப்போற?”

வடிவாச்சி குனிந்து பஞ்சாரத்தைத் தூக்கினாள். ஒன்றும் எழுந்து ஓடவில்லை. எது வந்தது, எது தன்னது என்று பனியில் நிறம் பிரியவில்லை. கொடியில் கிடந்த பழைய சேலையை உருவி, எல்லாவற்றின் மேலும் படும்படி மெதுவாக விரித்துப் போட்டாள்.