ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழி

கதவு பூட்டியிருந்தது.

நேற்று மாலை வரை அங்கே கதவே கிடையாது. இப்போது ஆளுயரக் கம்பிக் கதவு. பச்சை பெயிண்ட் இன்னும் காயவில்லை. மேலே ஒரு பலகை: 'குடியிருப்போர் மட்டும்.'

ஹெலன் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

காலனியிலிருந்து கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குப் போகிற எல்லோருக்கும் இதுதான் வழி. அடுக்குமாடி வருவதற்கு முன்பு இது வயல் வரப்பு. வந்த பிறகு பி பிளாக்கை ஒட்டி ஒரு சந்து. இதை விட்டால் ஜிஎஸ்டி ரோட்டுக்குப் போய், லாரிகளுக்கு நடுவே புகுந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் ரயில் போய்விடும்.

அவளுக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. பரீட்சைக்குப் போகிற பொன்னி மணியைப் பார்த்துப் பார்த்து நகத்தைக் கடித்தாள். தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கிற செங்கம்மாள், சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தே விட்டாள்.

"இன்னாடி ஹெலனு, தொறக்கமாட்டானாமா? லேட்டா போனா என்னை உள்ளயே வுடமாட்டான்டி."

உள்ளே செக்யூரிட்டி வெங்கடேசன் நின்றிருந்தார். நேற்று வரை தினமும் "நாஸ்தா ஆச்சாக்கா" என்று கேட்ட ஆள். இன்று அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆர்டர் இல்லக்கா. தொறந்தா என் வேல பூடும்."

ஹெலனுக்குக் காது சூடேறியது. எழும்பூரில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. வெறும் வயிற்றோடு நோயாளிகள் வரிசையில் காத்திருப்பார்கள். ஆனால் இப்போது அவள் நெஞ்சில் நின்றது அதுவல்ல. அந்தப் பலகைதான்.

நடைப்பயிற்சியில் இருந்த அடுக்குமாடிச் சங்கச் செக்ரட்டரி அருணகிரி சத்தம் கேட்டு வந்தார். காதிலிருந்து இயர்போனைக் கழற்றினார்.

"ஏம்மா, எதுக்குக் கதவப் போட்டு உலுக்கற?"

"ரயிலுக்குப் போணும் சார். இத்தினி வருசமா இதான் வழி."

"இது பிரைவேட் பிராப்பர்ட்டிம்மா. போன வாரம் கீழ நிறுத்தின சைக்கிள் ஒண்ணு காணோம். நான் யாரையும் சொல்லல. ஜெனரலா சொல்றேன்."

ஜெனரலா. அந்த ஒரு வார்த்தையை மென்று துப்பத் தோன்றியது அவளுக்கு. அவர் கண் போன இடம் ஜெனரலாக இல்லை. அது செங்கம்மாளின் சாப்பாட்டுப் பை.

"இதே காலனிலருந்துதானே சார் உங்க வூட்ல பாத்திரம் தேய்க்க வராங்க? அவங்க எப்படி வருவாங்க?"

"அவங்களுக்குப் பாஸ் குடுத்திருக்கோமே!" நல்லது செய்துவிட்ட முகத்தோடு சொன்னார் அருணகிரி. "வேலைக்கு வர்றவங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல."

பாத்திரம் தேய்க்க வந்தால் கதவு திறக்கும். பரீட்சைக்குப் போனால் திறக்காது.

தூரத்தில் செங்கல்பட்டிலிருந்து வரும் ரயிலின் ஹாரன் கேட்டது. பொன்னி அழ ஆரம்பித்தாள். இரண்டு மூன்று பேர் முணுமுணுத்துக்கொண்டே ஜிஎஸ்டி ரோடு பக்கம் திரும்பினார்கள்.

"யாரும் போகாதீங்க," என்று கத்தினாள் ஹெலன். தன் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. மாடியில் ஒரு ஜன்னல் திறந்து மூடியது.

"சத்தம் போட்டா போலீசக் கூப்பிட வேண்டியிருக்கும்மா," என்றார் அருணகிரி.

"கூப்புடுங்க."

சொல்லிவிட்டு அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளிருந்து ஒரு நீல அட்டையை எடுத்துச் கதவை ஒட்டிச் சுவரில் இருந்த கார்டு கருவியின் மேல் அறைவதுபோல வைத்தாள்.

'பீப்' என்றது. கதவு திறந்துகொண்டது.

அருணகிரி அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இது எப்படி உன்கிட்ட..."

"வெள்ளிக்கிழம சாவியோட குடுத்தாங்க. பி பிளாக், மூணாவது மாடி. நாந்தான் ஓனரு."

"அய்யோ மேடம், மொதல்லயே சொல்லியிருக்கலாமே!"

சொல்லியிருக்கலாம். பலகையைப் படித்த உடனேயே அட்டையை எடுத்திருக்கலாம். அவள் ஒருத்தி மட்டும் போயிருப்பாள். இந்த வாய் அப்போதும் 'மேடம்' என்றுதான் சொல்லியிருக்கும். பின்னால் நிற்பவர்களிடம் என்ன சொல்லியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஹெலன் கதவில் முதுகைச் சாய்த்து, அது மூடாதபடி நின்றாள்.

"இவங்கெல்லாம் என் வூட்டு கெஸ்ட்டு சார். டெய்லி வருவாங்க."

பொன்னி முதலில் ஓடினாள். அவள் பின்னால் மற்றவர்கள். வெங்கடேசன் ஒதுங்கி வழிவிட்டார். அருணகிரி போனை எடுத்து யாருக்கோ எதையோ வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டட்டும் என்று நினைத்தாள். கோபம் அடங்கவில்லை. ஆனால் நன்றாக இருந்தது.

கடைசியாகச் செங்கம்மாள் எழுந்து வந்தாள். ரயில் பிளாட்பாரத்தில் நுழையும் சத்தம் கேட்டும் அவள் ஓடவில்லை. ஹெலனுக்கு எதிரே நின்று, அவள் தலைக்கு மேலே அண்ணாந்து மூன்றாவது மாடியைப் பார்த்தாள்.

வீடு வாங்கியதை ஹெலன் காலனியில் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"எப்ப வாங்கினீங்க?" என்று கேட்டாள் செங்கம்மாள்.

ஹெலன் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து 'வாடி, போடி' என்பதைத் தவிர வேறு பேச்சே அவளிடம் பேசாதவள்.