யாரும் கேட்காத கேள்வி

கட்சிக் கூட்டங்களில் உயர்கிற கைகளை எண்ணிச் சொல்வதுதான் மிலேனாவின் வேலை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த குளிர்காலம் அது. திங்களன்று அவளுடைய தலைவர் சதுக்கத்து மேடையேறி, "ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாமா?" என்று கேட்டார். நாலாயிரம் கைகள் உயர்ந்தன. செவ்வாயன்று அதே மேடையில் எதிர்க்கட்சித் தலைவர், "ஒன்றியத்திலேயே இருப்போமா?" என்றார். அப்போதும் நாலாயிரம். ரொட்டிக்கடை இக்னாட்டின் இரண்டு விரல் இல்லாத கை, இரண்டு நாளும் கூட்டத்தில் தெரிந்தது.

"ரெண்டுக்குமா கை தூக்கினீங்க?" என்று அவரிடமே கேட்டாள்.

"பின்னே? வேற எதையும் யாரும் கேக்கலையேம்மா."

புதன்கிழமை கூட்டமே இல்லை. காலையில் ஜன்னலைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெறும் மேடைக்கு முன்னால் சதுக்கம் கொள்ளாத ஜனம். அத்தனை பேரும் கையை உயர்த்தியிருந்தார்கள். ஒரு சத்தமில்லை. விரல் நுனிகளில் பனி வந்து உட்கார்ந்தது; ஒருவரும் கையை இறக்கவில்லை. அவளுக்கு எண்ணவே தோன்றவில்லை.

செய்தி தெரிந்து இரண்டு தலைவர்களும் ஓடிவந்தார்கள். அவளுடைய தலைவர் முந்திக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"கேள்வியைக் கேளுங்கய்யா," என்றார் இக்னாட், கையை இறக்காமல்.

தலைவர் வாயைத் திறந்தார். ஒலிபெருக்கிகளில் அவருடைய மூச்சு மட்டும் சதுக்கமெங்கும் கேட்டது.