தலையிலேயே இருக்கட்டும்

மிஸ் வெர்னெல் இன்றைக்கும் தாமதம்.

"தொப்பிக்கு அலங்காரம் நடக்குது போல" என்று நர்ஸ் காலீன் சிரித்தாள்.

வந்து நின்றவரைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரமே ஆகஸ்ட் வெயிலில் வெந்துகொண்டிருக்க, இவருக்கு ஊதா நிறக் கோட்டு, காலைக் கடிக்கிற புது ஷூ, தலையில் இறகு வைத்த அகலத் தொப்பி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற கோலத்தில் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்.

டாக்டர் ரெனிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. உப்பைக் குறைத்தாயிற்று, மாத்திரையை இரண்டாக்கியாயிற்று. இதற்கு மேலும் இறங்காவிட்டால் கிழவி ஒருநாள் பக்கவாதத்தில் விழுந்துவிடுவார்.

இதே வயதில் அவளிடம் வரும் வெள்ளைக்காரப் பெண்களுக்கு ஒரு மாத்திரையிலேயே அடங்கிவிடுகிறது. தன் கறுப்பினத்துப் பெண்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்று ரெனிட்டா பலநாள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"கோட்டு, தொப்பி எல்லாம் கழட்டி வெச்சிட்டுக் காத்தாட உட்காருங்க. மறுபடி பார்க்கலாம்."

"கோட்டைக் கழட்டறேன் கண்ணு. தொப்பி தலையிலேயே இருக்கட்டும்."

"இது என்ன கல்யாண வீடா, மிஸ் வெர்னெல்? உயிரை விட அலங்காரம் பெரிசா போச்சா?"

கிழவிக்குக் கோபம் வரவில்லை. நிதானமாகச் சொன்னார். ஒருமுறை நெஞ்சுவலி என்று, வீட்டில் போட்டிருந்த கவுனும் செருப்புமாக வேறொரு ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம். போதை ஊசிக்காக நடிக்கிறாள் என்று நினைத்து விடியும்வரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்களாம். வந்திருந்தது மாரடைப்பு.

"அதுலேருந்து பேங்க், பஸ், பேரன் பள்ளிக்கூடம், எங்க போனாலும் இதுதான். தொப்பி இருந்தா 'மேடம்'னு கூப்பிடறாங்க."

"அப்ப எப்பதான் கழட்டுவீங்க?"

"தூங்கும்போது. அப்பவும் கட்டில் பக்கத்துலயே வெச்சிருப்பேன். திடீர்னு ஆம்புலன்ஸ் வந்தா எட்டி எடுக்கணும்ல?"

காலீனின் சிரிப்பு நின்றுபோனது. ரெனிட்டா டாக்டராயிற்றே, ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"மனசை இப்படி எப்பவும் முறுக்கி வெச்சா மாத்திரை என்ன செய்யும்? யார் என்ன நினைச்சா என்னன்னு விட்டுடுங்க."

"சரி கண்ணு" என்றார் மிஸ் வெர்னெல், தொப்பியைச் சரிசெய்துகொண்டே.

சாயங்காலம் காலீனின் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் ரெனிட்டாதான் அவளை ஏற்றிக்கொண்டாள். வழியில் பால் வாங்கக் கடையில் நிறுத்தினார்கள். காலீன் ஆஸ்பத்திரியிலேயே உடை மாற்றியிருந்தாள். அரை டிராயர், ரப்பர் செருப்பு, அவிழ்ந்த பொன்னிறக் கூந்தல். அப்படியே இறங்கி நடந்தாள்.

ரெனிட்டா வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டாள். பர்ஸுக்காகக் கைப்பையைத் துழாவியபோது மாத்திரை டப்பா விரலில் இடறியது. மிஸ் வெர்னெலுக்கு எழுதிக் கொடுக்கிற அதே மாத்திரை. தினமும் காலையில் அவளும் ஒன்று போட்டுக்கொள்கிறாள்.

கடை வாசலில் காலீன் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"டியூட்டிதான் முடிஞ்சுதே டாக்டர், பால் வாங்க ஸ்டெதஸ்கோப் எதுக்கு? கழட்டி கார்லயே போட்டுட்டு வாங்க."

கதவோரம் நின்ற காவலாளி காலீனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் கண் ரெனிட்டாவின் மேலேயே இருந்தது.

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"கழுத்துலயே இருக்கட்டும், காலீன்."