இருநூறு டாலர் இலவசம்

நியூ ஜெர்சியின் நடுப்பகல் வெயில் சமையலறை மேசையில் கொட்டிக் கிடக்கிறது. ஆறிப்போன காபியில் ஈ நீச்சலடிக்கிறது. "இருநூறு டாலர் இலவசம்!" என்று டெல்பர்ட்டின் கைப்பேசியில் பல்லிளிக்கிறது சூதாட்டத் தளம். புது வெந்நீர்க் கொதிகலனுக்கு வைத்திருந்த பணத்தை அதில் கட்டிவிட்டு, மூன்று நாளாகக் கண்சிமிட்டாமல் பிளாக்ஜாக் ஆடுகிறார் அந்தச் சீட்டுச் சக்கரவர்த்தி. ஆறாயிரம் டாலருக்கு ஆடினால்தான் கட்டிய பணத்தையே எடுக்க முடியுமாம். ஆடி முடித்தும் திரையில் ஆடிய தொகை பூஜ்யம் என்றே நிற்கிறது.

"ஏமாத்துக்காரப் பசங்க!"

மனைவி ஜெனீவ் பூதக்கண்ணாடியைத் திரைமேல் வைத்து, எறும்புக்கே கண் வலிக்கும் அடிக்குறிப்பைப் படிக்கிறாள்.

"பிளாக்ஜாக் ஆட்டம் கணக்கில் சேராது."

அவள் துண்டை டெல்பர்ட்டின் முகத்தில் எறிகிறாள்.

"நாறுது மகாராஜா. போய்க் குளிங்க. பச்சைத் தண்ணியிலதான்."